வீட்டில் கதைப்புத்தகம் வினாத்தாள் ஆக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்ரோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளிலும் நூலகங்களிலும் பதாகை கட்டுகிறோம். 'வாசிப்பின் மகத்துவம்' என்று ஒரு பிள்ளையைப் பேச வைக்கிறோம் (அந்தப் பேச்சைப் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது அம்மாவோ ரீச்சரோதான்). மேடையேறும் பெரியவர்கள் 1981 இல் எரிந்த யாழ்ப்பாணம் பொது நூலகத்தையும் அதிலிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களையும் நினைவுகூருவார்கள். நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் கூட்டம் முடிந்து பிள்ளை திரும்பிப் போகிற வீட்டில், பாடப்புத்தகமும் மாதிரி வினாத்தாளும் தவிர அது தானாக எடுத்துப் பார்க்கக்கூடிய புத்தகம் எத்தனை, அவை எந்த உயரத்தில் இருக்கின்றன, யார் எப்போது வாசித்துக் காட்டுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

ஆரம்ப வகுப்புக் கற்பித்தலிலும் சிறுவர் நூலகப் பணியிலும் இருக்கும் எங்களுக்கு இதில் ஒரு கருத்து உண்டு. பிள்ளைகள் வாசிக்காததற்குப் போனைக் குற்றம் சொல்வது வசதியானது. அதைவிடப் பெரிய காரணம், பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கண்டவுடன் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் பரீட்சகர்களாகிவிடுவது. "இது என்ன எழுத்து?" "மாமாவுக்கு உரத்து வாசிச்சுக் காட்டு." "கதையிலை என்ன நீதி சொல்லியிருக்கு?" போன் பிள்ளையிடம் ஒருநாளும் நீதி கேட்பதில்லை. கீழே நாங்கள் எழுதுவதெல்லாம் வீட்டு வாசிப்பைப் பரீட்சையிலிருந்து பிரித்தெடுப்பதற்கான வழிகள்.

முதலாவது, வாசித்துக் காட்டுதல். விசயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறோம். அடுத்த நாள் கொப்பி, பென்சில், அரிச்சுவடி என்று தொடங்கிவிடுகிறது. அரிசித் தட்டத்துக்குப் பக்கத்தில் 16 பக்கப் படக்கதை ஒன்றையும் வைத்து, எழுதி முடிந்த கையோடு அம்மம்மாவோ தாத்தாவோ பிள்ளையை மடியில் இருத்தி அதை வாசித்துக் காட்டட்டும். ஐந்து நிமிட வேலைதான். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. குழந்தை பிறந்த காலத்திலிருந்தே வாசித்துக் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014 இல் தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஒரு வயதுக் குழந்தைக்குக் கடைப் புத்தகமே வேண்டாம். 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படம் வைக்கும் சின்ன அல்பம் ஒன்று வாங்குங்கள். இடப்பக்கத்தில் அம்மம்மாவின் படம். வலப்பக்கத்தில் வெள்ளை மட்டையில் இரண்டு சென்ரிமீற்றர் உயர எழுத்தில் 'அம்மம்மா'. எட்டுப் படம் போதும். அசல் படங்களை வைக்காதீர்கள், மாரியில் பிளாஸ்ரிக்கோடு ஒட்டிப் பிடித்துவிடும். சாதாரண தாளில் எடுத்த பிரதியை வையுங்கள்.

நேரம் பற்றி. "வீட்டுப்பாடம் முடிஞ்ச பிறகு கதை" என்று வைத்தால் ரியூசன் உள்ள நாட்களில் கதை நடக்காது, ஏனென்றால் வீட்டுப்பாடம் முடிவதேயில்லை. தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள்: விளக்கு வைத்த உடனே, அல்லது பாய் விரித்த உடனே. மூன்று வயது வரை 5 நிமிடம், முன்பள்ளிப் பிள்ளைக்கு 10, முதலாம் தரத்துக்குப் பிறகு 15. பிள்ளை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. எதிரே இருந்து வாசிக்க வேண்டாம், பிள்ளைக்குப் புத்தகம் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் இருங்கள். மின்குமிழ் உங்கள் முதுகுக்குப் பின்னால், சற்று மேலே இருக்கட்டும். முன்னால் இருந்தால் வழவழப்பான தாளில் ஒளி பட்டுப் படம் தெரியாது.

பெரும்பாலான பெற்றோர் வானொலிச் செய்தி வேகத்தில் வாசிக்கிறார்கள். அதில் பாதி வேகம் போதும். பக்கத்தைத் திருப்பியதும் உடனே தொடங்காமல், பிள்ளையின் கண் படத்தைச் சுற்றி வரும்வரை பேசாதிருங்கள். பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லும் சொற்கள் அதன் காதில் விழுவதில்லை.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மறுக்காதீர்கள். அலுப்பு உங்களுக்குத்தான். முதல் தடவை பிள்ளை கதையைப் பிடிக்கிறது, பிறகு சொற்களை, பிறகு வசனத்தின் ஓட்டத்தை. நாலைந்து தடவைக்குப் பிறகு வசனத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள், பிள்ளை முடித்து வைக்கும். வாசிப்புக்கு அடியில் கிடக்கும் ஊகம் அங்கேதான் உருவாகிறது.

கேள்வி கேட்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முதல் தடவை வாசிக்கும்போது ஒன்றும் கேட்காதீர்கள். இரண்டாம் தடவை, "பூனை என்ன செய்யுது?" மூன்றாம் தடவை, "ஏன் ஓடினது?", "நீயெண்டால் என்ன செய்திருப்பாய்?" ஒரு புத்தகத்துக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். பிள்ளை "ஏறுது" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், "ஓம், கறுப்புப் பூனை மதிலிலை ஏறுது" என்று நீங்கள் நீட்டிச் சொல்லிவிட்டு மேலே போங்கள். திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். விரும்பினால் தானே சொல்லும். 'நீதி என்ன' என்ற கேள்வி வீட்டுக்குத் தேவையே இல்லை. நல்ல கதையில் அது சொல்லாமலே இறங்கும், கெட்ட கதையில் அதைத் தவிர வேறொன்றும் இராது.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீடுகளும் உண்டு. அவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. சொற்களே இல்லாத படப்புத்தகத்தை வைத்து ஆச்சி தன் பாட்டில் கதை கட்டலாம், நொடி போடலாம். பக்கம் இடமிருந்து வலம் போகிறது, படத்துக்கும் பேச்சுக்கும் தொடர்பு இருக்கிறது என்ற இரண்டையும் பிள்ளை அப்போதே கற்றுக்கொள்கிறது.

வீட்டுப் பேச்சும் புத்தகத் தமிழும் வேறு வேறாக இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமை. வீட்டில் "அவை வந்தவை". புத்தகத்தில் "அவர்கள் வந்தார்கள்". வீட்டில் "போறன்", புத்தகத்தில் "போகின்றேன்". எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தும் அந்தச் சொல் பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒன்றாக இருந்தால், சரியாக வாசித்தோமா என்று அதற்குத் தெரியாது. ஆகவே மூன்று நான்கு வயது வரை படத்தைக் காட்டிப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். அதன் பிறகு அச்சில் உள்ளதை உள்ளபடியே வாசித்து, விளங்காத இடத்தில் மட்டும் ஒரு தடவை வீட்டுத் தமிழில் சொல்லிவிட்டுப் போங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் 'நாற்காலி' வந்தால் "கதிரை" என்றால் போதும், அங்கே ஒரு பாடம் நடத்த வேண்டாம். பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்குமுன் புத்தகத் தமிழை இரண்டு வருடமாவது காதால் கேட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் மதிப்பீடு.

எழுத்துக்கு வருவோம். 247 எழுத்தையும் அட்டவணையாகச் சுவரில் ஒட்டி, க கா கி கீ என்று பாட வைப்பது வழக்கம். பிள்ளை பாடும். சொல்லின் நடுவே 'கீ' வந்தால் தெரியாது, 'க'வில் தொடங்கி விரலை நகர்த்திக்கொண்டே வரும். வரிசை மனப்பாடமானதே தவிர வடிவம் பதியவில்லை. வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. அ, ப, ம, ட, க, ர, அதோடு புள்ளியும் காலும். இவ்வளவிலேயே அம்மா, அப்பா, படம், மரம், பாடம், காகம், பட்டம், கரம், பாரம் எல்லாம் வந்துவிடும். தைப்பொங்கலுக்கு ஏற்றும் பட்டத்தில் 'பட்டம்' என்று எழுதி விடுங்கள். பால்மாப் பெட்டியிலும் பஸ் பலகையிலும் இந்த எழுத்துகளைத் தேட விடுங்கள்.

பிள்ளை தடுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒரே இடங்கள்தான். பல அச்செழுத்துகளில் 'ர'வும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே வடிவம்; 'ர'வின் அடியில் சின்ன வளைவோ சரிவோ இருந்தால்தான் வேறுபாடு தெரியும். அதனால் 'கொடி' என்பதைப் பிள்ளை 'கெரடி' என்று வாசிக்கும். அது கவனக்குறைவு அல்ல, பார்த்ததைத்தான் வாசிக்கிறது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிப்பதும், 'கௌ'வில் வரும் குறி 'ள' போலவே இருப்பதும் அடுத்த தடைகள். இங்கே விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வாசிக்க வைத்தால் குழப்பம் கூடும், ஏனென்றால் விரல் முதலில் தொடுவது கொம்பை. கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் ஒரு சின்ன மட்டைத் துண்டால் சேர்த்துக் காட்டுங்கள். ழகர ளகர வேறுபாடு எங்கள் பேச்சிலேயே பெரும்பாலும் இல்லை. வாசிக்கும்போது அதைத் திருத்தப் போகாதீர்கள். எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் மூன்றாம் தரத்தில் வாசிக்கத் தெரிந்தும் வாசிக்கப் பஞ்சிப்படும் பிள்ளைக்கு நாங்கள் பரிந்துரைப்பது சேர்ந்து வாசித்தல். புத்தகத்தைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். பெரியவரும் பிள்ளையும் ஒரே நேரத்தில், ஒரே குரலாக உரத்து வாசிக்க வேண்டும். வேகம் பிள்ளையினுடையது, நீங்கள் முந்தக் கூடாது. தனியே வாசிக்கலாம் என்று பிள்ளைக்குத் தோன்றினால் மேசையில் ஒரு தட்டுத் தட்டும். அந்தக் கணமே நீங்கள் நிறுத்த வேண்டும். பிள்ளை தனியே வாசிக்கும்போது தடுக்கினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். தானே திருத்திக்கொண்டால் ஒன்றும் சொல்லாதீர்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை நீங்கள் சரியாகச் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லும். பிறகு இருவரும் மீண்டும் சேர்ந்து வாசியுங்கள், அடுத்த தட்டு வரும்வரை. நாளுக்கு 10 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், எட்டு வாரம். அதற்கு முன் பலன் பார்க்க வேண்டாம்.

இதில் பிழைக்கும் இடம் பெரும்பாலும் அந்த ஐந்து எண்ணுதல்தான். பெரியவர்கள் இரண்டிலேயே சொல்லைச் சொல்லிவிடுவார்கள். அல்லது பத்து, பதினைந்து என்று காத்திருந்து "யோசி, யோசி" என்பார்கள். முதலாவதில் பிள்ளைக்கு முயல இடமில்லை. இரண்டாவதில் கதை அறுந்துவிடும், பிள்ளைக்கு முகம் சிவக்கும். பொருளை மாற்றாத பிழைகளை விட்டுவிடலாம்: 'வந்தான்' என்பதை 'வந்தார்' என்று வாசித்தால் வானம் இடிந்து விழாது. 'மலை'யை 'மழை' என்று வாசித்து வசனமே மாறினால், வசன முடிவு வரை பொறுத்து "மழையிலை ஏறினவரோ?" என்று கேளுங்கள். பிள்ளையே சிரித்துவிட்டுத் திரும்பிப் போகும். அண்ணாவோ அக்காவோ சேர்ந்து வாசிப்பதானால் அவர்களுக்கு ஒரே விதி: சொல்லைச் சொல்லலாம், வேறெதுவும் சொல்லக் கூடாது.

பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கிய அன்றே வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். அது பெரிய இழப்பு. ஏழு வயதுப் பிள்ளை தானாக வாசிக்கக்கூடியது நாலு வரிக் கதை. காதால் கேட்டு விளங்கக்கூடியது அத்தியாயம் அத்தியாயமாக நீளும் கதை. அந்த இடைவெளியை நீங்கள் நிரப்பாவிட்டால், புத்தகம் என்றாலே சப்பென்று இருக்கும் என்ற முடிவுக்கு அது வந்துவிடும்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை, இதைச் சிலர் விரும்பமாட்டார்கள். "பத்துப் புத்தகம் வாசிச்சால் சைக்கிள்" என்ற பேரமும், எத்தனை புத்தகம் என்று எண்ணிக் கொடுக்கும் சான்றிதழும் வாசிப்பை வளர்க்கும் என்பது எங்களுக்கு ஐயமாகவே இருக்கிறது. 1973 இல் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயது வரையான, படம் கீறுவதில் ஏற்கனவே ஆர்வமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, கீறினால் பட்டி கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் பின்னர் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் பார்த்தபோது, முன்கூட்டியே வாக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாகக் கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. ஆகவே ஒரு புத்தகம் முடிந்ததும் இன்னொரு புத்தகத்தைச் சொல்லாமல் கொண்டுவந்து கொடுங்கள். கணக்குப் பார்க்கும் பிள்ளை மெல்லிய புத்தகமாகத் தேடி எடுக்கும். அதன் கெட்டித்தனத்தைக் குறை சொல்லவும் முடியாது.

புத்தகத் தெரிவுக்கு ஆங்கிலப் புத்தகங்களில் சொல்லும் ஒரு முறை இங்கும் பரவியிருக்கிறது: ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் கடினம். தமிழுக்கு அது அப்படியே பொருந்தாது. 'ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது தமிழில் ஒரு சொல், ஒரு விரல். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு முழு வசனத்தின் பாரம். ஆகவே சொல்லின் நீளத்தைப் பாருங்கள். முதலாம் தரப் பிள்ளைக்குப் பெரும்பாலான சொற்கள் நாலைந்து எழுத்துக்குள், வரிக்கு ஐந்து சொல்லுக்குள், பக்கத்துக்கு மூன்று வரிக்குள் இருக்கட்டும். எழுத்தின் அளவு 20 புள்ளிக்கு (பொயின்ற்) குறையாமலும், வரிகளுக்கிடையே எழுத்தின் உயரமளவு வெளியும் வேண்டும். தடித்த மட்டையும் மினுங்கும் படமும் போட்டு, உள்ளே பொடி எழுத்தில் ஐம்பது நீதிக்கதைகளை அடைத்த தொகுப்புகள் கடையில் மலிவு. அவை பெரும்பாலும் மாமி பிறந்தநாளுக்குக் கொடுப்பதற்கும் அலுமாரியில் இருப்பதற்குமே பயன்படுகின்றன.

அலுமாரி என்றதால் சொல்கிறோம். சிறுவர் புத்தகம் 16 அல்லது 24 பக்கம், கம்பி அடித்தது, முதுகே கிடையாது. அதை ராக்கையில் நெடுக்காக அடுக்கினால் பிள்ளைக்கு வெறும் தாள் விளிம்புதான் தெரியும். முன்மட்டை தெரிய வைக்க வேண்டும். கூரையில் பூட்டும் பிளாஸ்ரிக் பீலியில் 4 அடித் துண்டு ஒன்று, இரு முனைக்கும் மூடி, 2 அடிக்கு ஒரு தாங்கி. நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் சுவரில் பூட்டுங்கள். பெரிய அளவுப் புத்தகம் ஐந்து பக்கம் பக்கமாக நிற்கும், முன்னும் பின்னுமாகப் பத்து. அதற்கு மேலே இன்னொரு வரிசை வைப்பதானால் 14 அங்குலம் விடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி மட்டும் அடித்தால் கழன்று வரும், துளைத்துப் பிளக் வைக்க வேண்டும். வாடைக்காற்று மழையடிக்கும் சுவரைத் தவிருங்கள். பீலி வேண்டாமென்றால் சதுர ஓலைப்பெட்டி நல்லது. கடகம் வாய் விரிந்திருப்பதால் புத்தகம் சரிந்து மூலை மடியும். கடகம்தான் இருக்கிறதென்றால் அடியில் தடித்த மட்டை ஒன்றை வெட்டி வையுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு புத்தகத்துக்கு மேல் வெளியே வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலைந்தை எடுத்து ஒளித்துவிட்டு வேறு நாலைந்தை வையுங்கள். ஒளித்தவை ஒரு மாதத்தில் புதுப் புத்தகங்களாகிவிடும்.

கிழிந்துவிடும் என்று பயந்து எட்டாத உயரத்தில் வைப்பது வீண். புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். மரியாதை போதுமான அளவு இருக்கிறது, பழக்கம்தான் இல்லை. கிழிந்தால் தைக்கலாம். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தாளையும் அரிக்கும் என்பதால், வாங்கியவுடனேயே கம்பியைக் கழற்றி நூலால் தைப்பது இன்னும் நல்லது. புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து மடிப்பின் மேலே மூன்று துளை: ஒன்று நடுவில், மற்ற இரண்டும் அதிலிருந்து இரண்டங்குலம் மேலும் கீழும். பருத்தி நூலை இரட்டையாக்கி மெழுகுதிரியில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே போய், மேல் துளையால் உள்ளே வந்து, நடுவை விட்டுவிட்டு நேரே கீழ்த்துளையால் வெளியே போய், திரும்ப நடுத்துளையால் உள்ளே வாருங்கள். உள்ளே நீளமாகக் கிடக்கும் நூலுக்கு இரு பக்கமும் இரு முனைகளும் நிற்கும்படி வைத்து இறுக்கி முடியுங்கள். கிழிந்த தாளுக்குச் செலோரேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், பக்கத்துத் தாளையும் பிடித்து இழுக்கும். மாப்பசை வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. மெல்லிய தாள் நாடாவும் வெள்ளைப் பசையும் போதும்.

மாரியில் பூட்டிய அலுமாரியைவிடத் திறந்த பீலியே பாதுகாப்பு, காற்றோட்டம் இருந்தால் பூஞ்சணம் குறைவு. வேப்பிலை வைப்பதானால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததைத் துணியில் முடிந்து வையுங்கள். ஈர இலை கறை பிடிக்கும். பூச்சி உருண்டை வேண்டவே வேண்டாம். பார்க்க இனிப்புப் போலிருக்கும், விழுங்கினால் நஞ்சு.

வீட்டிலேயே புத்தகம் செய்யலாம். நாலு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 16 பக்கம். மட்டைக்கு முடிந்த வருடத்துக் கோயில் கலண்டர். பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுங்கள். "அம்மம்மா கோழிக்கு அரிசி போட்டவ" என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், 'போட்டார்' என்று திருத்தாதீர்கள். தன் வாயில் வந்த சொல் தாளில் நிற்கிறது என்று பிள்ளை காண்பதுதான் இந்த வேலையின் பயன். திருத்தினால் அது உங்களுடைய புத்தகமாகிவிடும். பக்கத்துக்கு ஒரு வசனம், மீதி இடம் படத்துக்கு.

ஐந்து வீடு சேர்ந்து வீட்டுக்கு மூன்று புத்தகம் வாங்கினால் 15. மூன்று மூன்றாக ஐந்து துணிப்பைகளில் போட்டு, சனிக்கிழமைகளில் பையை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். பையோடு ஒரு மெல்லிய கொப்பி, புத்தகப் பெயரும் திகதியும் எழுத. தண்டப்பணம் வைக்காதீர்கள். வைத்தால் பை வந்த வேகத்தில் அலுமாரிக்கு மேலே ஏறி, அடுத்த சனிக்கிழமை மடிப்புக் கலையாமல் திரும்பும். சனசமூக நிலைய வாசிகசாலைகளில் பத்திரிகை மேசைக்குக் கீழே ஒரு பாயும் ஒரு ஓலைப்பெட்டியும் போட்டால் இதே வேலையை ஊருக்கே செய்யலாம். பொது நூலகத்தின் சிறுவர் பகுதியும் பிரதேசசபை நூலகங்களும் இருக்கவே இருக்கின்றன. அங்கே பிள்ளை தெரிவு செய்யும்போது பெற்றோர் நாலடி தள்ளி நிற்பது உதவி.

போனை முற்றாக விலக்கவும் தேவையில்லை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்ரோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாக உண்டு, அச்சிடவும் அனுமதி உண்டு. முதலாம் நிலையில் பத்துக் கதையை இறக்கி, தாளில் அச்சிட்டு, மேலே சொன்னபடி தைத்துவிடுங்கள். திரையில்தான் வாசிப்பதென்றால் முன்கூட்டியே இறக்கி, இணையத்தை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சித்தி வீடியோவில் வாசிப்பதானால் கமரா அவர் முகத்தையல்ல, புத்தகத்தைக் காட்டட்டும். அதே புத்தகத்தின் ஒரு பிரதி பிள்ளையின் மடியில் இருந்தால் இன்னும் நல்லது.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் கதைப்புத்தகத்தை முற்றாகப் பறிக்காதீர்கள். நாளுக்குப் பத்து நிமிடம், துடுப்பாட்டச் செய்தியோ நொடிப் புத்தகமோ சித்திரக்கதையோ, எதுவானாலும் சரி.

இவ்வளவும் செய்தும், இரண்டாம் தரம் முடியும்போது பிள்ளை எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்கத் திணறினால், வரி தாண்டி வாசித்தால், புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்தால், பஞ்சி என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் காட்டுங்கள், பிறகு வகுப்பாசிரியரோடு பேசுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை, ஆசிரியர் அவர்களே. தமிழ்ப் பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களில் பாதி இடத்தை மாதிரி வினாக்கள் பிடித்துக்கொள்கின்றன. மீதியிலும் பத்தி ஒடுக்கம், எழுத்துச் சிறிது, வரி முடியும் இடத்தில் சொல் எந்தக் குறியும் இல்லாமல் உடைந்து அடுத்த வரிக்குப் போகிறது. பெரியவர்களுக்கு அது பழகிவிட்டது. 'கொண்டி' என்று ஒரு வரியும் 'ருந்தான்' என்று அடுத்த வரியும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பொருளற்ற சொற்கள். சிறுவர் பக்கத்தில் சொல்லை உடைக்காமல், வலப்பக்க ஓரம் ஒழுங்கற்று இருந்தாலும் பரவாயில்லை என்று விடுங்கள். எழுத்து 18 புள்ளி, 'ர'வும் காலும் வேறுபடும் எழுத்துரு. வாரத்தில் ஒருநாள் ஒரு முழுத்தாளின் இரு முகத்தையும் தரமுடியுமானால், அதை எட்டுப் பக்கச் சிறு புத்தகமாகவே அச்சிடலாம்: ஒரு முகத்தில் கீழ்வரிசை இடமிருந்து வலமாக 8, 1, மேல்வரிசை 5, 4, தலைகீழாக. மறுமுகத்தில் கீழே 2, 7. மேலே 3, 6, தலைகீழாக. மேல்பாதியைப் பின்னால் மடித்து, பிறகு நடுவால் மடித்து, மூன்று துளையில் தைத்து, மேல் மடிப்பைக் கத்தியால் கீறினால் புத்தகம். பக்க ஒழுங்கை ஒரு வெற்றுத் தாளில் மடித்துக் காட்ட உங்கள் வடிவமைப்பாளரிடம் எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஆரம்பக் கல்வியிலும் சிறுவர் நூலகப் பணியிலும் உள்ள சிலர்,
யாழ்ப்பாணம்.